கனவுக்கு யார் பொறுப்பு?

நமக்குப் பிரியமான ஒருவரைக் கனவில் கொன்றுவிட்டு விழித்தெழுகிறோம். கொஞ்ச நேரம் நெஞ்சு படபடக்கிறது. பிறகு "சும்மா கனவுதானே" என்று சொல்லிக்கொண்டு பல் தேய்க்கப் போய்விடுகிறோம். அந்த 'சும்மா'வை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வி பழையது. நல்லவர்களிடமும் கட்டுக்கடங்காத இச்சைகள் உண்டு, தூக்கத்தில் அவை தலைதூக்கும் என்று 'குடியரசு' நூலின் ஒன்பதாம் பகுதியில் பிளேட்டோ சொல்கிறார். புனித அகஸ்டின், விழிப்பில் தான் துறந்த ஆசைகளுக்குக் கனவில் இணங்கிவிடுவதை எண்ணிக் கலங்குகிறார். கடைசியில் அது தான் செய்ததல்ல, தனக்குள் நடந்தது மட்டுமே என்று ஆறுதல் தேடிக்கொள்கிறார்.

அந்த ஆறுதலைத்தான் ஃப்ராய்ட் பறிக்கிறார். பலரும் நினைப்பது வேறு. 'எல்லாம் நனவிலி மனம் பண்ற வேலை, நான் என்ன செய்ய முடியும்?' என்று கைகழுவ உளப்பகுப்பாய்வு வசதி செய்து தருகிறது என்பார்கள். ஆனால் 1925இல் எழுதிய ஒரு சிறு குறிப்பில் ஃப்ராய்ட் நேர் எதிராக வாதிடுகிறார். கனவை வெளியிலிருந்து ஏதோ ஆவி அனுப்பவில்லை என்றால், அது என்னில் ஒரு பகுதிதான். எனக்குத் தெரியாது என்பதால் அது என்னுடையது இல்லை என்று ஆகிவிடாது. அது எனக்குள் சும்மா கிடப்பதுமில்லை; சில சமயம் என் வழியாகச் செயல்படவும் செய்கிறது.

அப்படியென்றால் கனவுக்குத் தண்டனை உண்டா? தன்னைக் கொன்றதாகக் கனவு கண்ட குடிமகனுக்கு மரண தண்டனை விதித்த ரோமானியப் பேரரசர் ஒருவரின் கதையை 'கனவுகளின் விளக்கம்' நூலின் முடிவில் ஃப்ராய்ட் குறிப்பிடுகிறார். பேரரசர் செய்தது தவறு என்கிறார். சட்டம் செயலைத்தான் விசாரிக்க முடியும்.

ஆக, குற்றம் வேறு, பொறுப்பு வேறு. களையை நான் விதைக்கவில்லைதான். ஆனால் முளைத்திருப்பது என் வயலில். பிடுங்க வேண்டியதும் நான்தான்.

இதில் உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? தன் வெறுப்பைத் தன்னுடையது இல்லை என்று மறுக்கிறவன் அதை அடுத்தவர் முகத்தில் காண ஆரம்பிக்கிறான். 'எனக்கு அவன்மேல கோபமே இல்லை, அவனுக்குத்தான் என்னைக் கண்டா ஆகலை' என்கிறான். சாதிச் சண்டையிலும் மதக் கலவரத்திலும் ஒவ்வொரு தரப்பும் இதையேதான் சொல்கிறது. வெறுப்பு எனக்குள்ளும் இருக்கிறது என்று ஒத்துக்கொள்பவன் நல்லவனாகிவிடுவதில்லை. ஆனால் கையை ஓங்குவதற்கு முன், யாருடைய கோபம் இது என்று கேட்டுக்கொள்ள அவனுக்கு ஒரு வாய்ப்பாவது கிடைக்கிறது.