அரச சட்டத்தரணி யார் பக்கம்?

1940ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் நாள், கண்டிக்குத் தெற்கே ஹேவாஹெட்டை மலைப்பகுதியிலுள்ள முல்லோயாத் தோட்டத்தில், கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் குண்டுக்கு இரையானார். தொழிலாளர் போராட்டத்தின் நடுவே நிகழ்ந்த சாவு அது. விசாரணைக் குழு அமர்ந்தபோது அவருடைய விதவைக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா வாதாடினார். இவ்விவகாரத்தில் உள்நாட்டு மந்திரி டி. பி. ஜயதிலக்கவின் பணிப்பைப் பொலிஸ்மா அதிபர் ஏற்கவில்லை. தேசாதிபதியும் அதிகாரியின் பக்கமே நின்றார். பெப்ரவரியில் மந்திரிகள் பதவி துறந்தனர்.

பொலிஸ் யாருக்குப் பொறுப்புடையது என்ற வினா அன்றே எழுந்துவிட்டது. பொலிசுக்காக மன்றில் எழுந்து பேசும் அரச சட்டத்தரணி யாருக்குப் பொறுப்புடையவர்? நாம் கேட்க விழைவது இதனையே.

'குற்றஞ் சாட்டப்பட்ட எவருக்கும் வாதாட ஒருவர் வேண்டாமா?' என்பர். வேண்டும். பொய் முறைப்பாடுகளும் உண்டு. சட்டப்படி கடமை செய்த காவலரை அரசு கைவிடுவது நீதியன்று. ஆனால் காவலர் தம் பொருட்டு அமர்த்திக்கொள்ளும் வழக்கறிஞர் வேறு. மக்கள் பணத்தில் ஊதியம் பெறுபவர் வேறு. சீனி வாங்கும்போதும் வரி செலுத்துகின்ற தோட்டத்துப் பெண்ணும் அவருக்கு ஊதியம் அளிப்பவளே. அவள் மகனை அடித்தவரைக் காக்க அவள் காசே செலவாவதா?

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையை முற்றாக விலக்குகிறது. 1994ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. அக்குற்றத்துக்கு மேல் நீதிமன்றில் வழக்குத் தொடுப்பவர் சட்டமா அதிபர். குற்றஞ் சாட்ட வேண்டியவரே காத்து நிற்பது எங்ஙனம்? ஆதலின், உயர் நீதிமன்றில் வரும் சித்திரவதை மனுக்களில் காவலருக்காகத் தோன்றாதிருப்பது அத்திணைக்களத்தின் மரபாயிற்று. நன்மரபே, ஆயினும் போதாது.

ஏனெனில், உண்மையான விசாரணை மன்றில் தொடங்குவதில்லை. பொலிஸ் நிலையக் குறிப்பு ஒன்று சொல்லும். வைத்தியரின் அறிக்கை வேறொன்று சொல்லும். இரண்டையும் முதன்முதல் அருகருகே வைத்துப் படிப்பவர் அரச சட்டத்தரணி. அவ்வேளை அவரைக் காண்பார் எவருமில்லை. கோவையை மூடிவிட்டால் வழக்கே இல்லை. அவருடைய கட்சிக்காரர் சீருடையல்லர், பொதுமக்கள். இதனை மறந்தால், சட்டம் கற்றவர் தடியின் நாவாகிவிடுகிறார்.

இப்பொறுப்பைத் தனிமனித மனச்சாட்சியின் தலையில் மட்டும் சுமத்துதலும் தகாது. பதவியுயர்வும் இடமாற்றமும் மேலிடத்தின் கையில் இருக்கையில், எத்துணைப் பேர் துணிந்து நிற்பர்? வழக்குத் தொடுக்கும் அலுவலகத்தையும் அரசுக்காக வாதாடும் அலுவலகத்தையும் பிரித்தல் வேண்டும். நல்லவர் நல்லவராயிருக்க இடமளிப்பதே நல்ல அமைப்பு.

நாளை அக்கோவைகளைத் திறக்கப்போகிறவர்கள் இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கின்றனர். சட்டத்தின் பிரிவுகளை அவர்கள் பின்னர் கற்றுக்கொள்வர். கோவிந்தனின் பெயரை நாம் இப்போதே சொல்லிவைப்போம்.