தேய்மானம் இல்லாத வாத்தியார்

நண்பன் ஒருவன் கணித விரிவுரையாளர். நிரந்தர வேலை இல்லை. வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்தம். போன வாரம் போன் பண்ணினான்.

''ஏன்டா, நீ காமர்ஸ் படிச்சவன்தானே? ஒரு கணக்கு சொல்லு.''

கணக்கு வாத்தியாரே என்னிடம் கணக்கு கேட்கிறான் என்றதும் உஷாராகிவிட்டேன்.

விஷயம் இதுதான். அவன் வேலை பார்க்கிற இடத்தில், இணைய வழியில் தொடக்க நிலைக் கணிதம் ஆரம்பிக்கப் போகிறார்கள். பாடத்தை உருவாக்கித் தர அவனைக் கேட்டிருக்கிறார்கள். நாற்பது பாடம், ஒவ்வொன்றும் அரை மணி நேரம். பயிற்சிக் கணக்குகளும் அவனே எழுத வேண்டும். மொத்தமாக ஒரு தொகை. அவனுடைய ஐந்து மாதச் சம்பளத்துக்கும் மேல். அதோடு சரி. உரிமை முழுக்க அவர்களுக்கு.

''வீட்டுக் கடன்ல ஒரு பகுதியை அடைச்சிடலாம். ஆனா, ஒப்பந்தம் முடியறப்போ 'அதான் உங்க வீடியோ இருக்கே சார், நீங்க எதுக்கு?'ன்னு கேட்டா?''

பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். செலவு இரண்டு வகை. சம்பளம், கரண்ட் பில் எல்லாம் வருவாய்ச் செலவு. இந்த மாதம் கொடுத்தோம், இந்த மாதமே தீர்ந்தது. இயந்திரம் வாங்கினால் அது மூலதனச் செலவு. பல வருஷம் உழைக்கும். நண்பன் தனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று நினைக்கிறான். அவர்கள் வாங்குவதோ இயந்திரம். அதிலும் தொடக்க நிலைக் கணிதம்! வரிச் சட்டம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். இருபடிச் சமன்பாடு மாறுமா? தேய்மானமே இல்லாத சொத்து.

அதில் என்ன தப்பு என்று நீங்கள் கேட்கலாம். நாற்காலி செய்து கொடுத்த தச்சர், நாம் உட்காரும்போதெல்லாம் வாடகையா கேட்கிறார்? நியாயம்தான். ஆனால், எந்த நாற்காலியும் தச்சரின் வேலையைப் பிடுங்கிக்கொள்வதில்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். பகலில் வேலைக்குப் போய்விட்டு ராத்திரி பதினோரு மணிக்குப் படிக்கிற பையனுக்கு அந்த வீடியோ ஒரு வரம். பத்து தடவை திருப்பிப் போட்டாலும் வீடியோ முகம் சுளிக்காது. அதை வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அப்புறம் எதுதான் நெருடுகிறது? 2013-ல் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை இதற்குப் பதில் வைத்திருக்கிறது.

கலிஃபோர்னியாவின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகம், யுடாசிட்டி என்ற நிறுவனத்தோடு சேர்ந்து மூன்று இணையப் பாடங்களைத் தொடங்கியது. அடிப்படைக் கணிதம், அல்ஜீப்ரா, புள்ளியியல். பாடத்தை உருவாக்கியவர்கள் அந்தப் பல்கலைக்கழகத்து ஆசிரியர்கள். ஒரு பாடத்துக்கு வெறும் 150 டாலர். மாநில கவர்னரே முன்னின்று அறிவித்தார். உதவி செய்ய இணைய வழி வழிகாட்டிகளும் உண்டு. முதல் பருவத்தின் முடிவு வந்தது. அடிப்படைக் கணிதத்தில் மூன்றில் ஒருவர்கூடத் தேறவில்லை. ஜூலையில் திட்டத்தை நிறுத்தி வைத்தார்கள்.

அதே கோடையில் மறுபடி நடத்தியபோது தேர்ச்சி ஏறியது. எப்படி? அந்தத் தடவை படித்தவர்களில் பலர் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர்கள். முதல் தடவை படித்தவர்களில் கணக்கில் ஏற்கெனவே தோற்றவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இருந்தார்கள். சிலர் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லை.

ஆக, படிக்கத் தெரிந்தவனுக்கு வீடியோ போதும். படிக்கத் தெரியாதவனுக்குத்தான் ஆள் வேண்டும். தொடக்க நிலைப் பாடம் யாருக்காக? இரண்டாமவனுக்காகத்தானே!

நானும் அந்த ரகம்தான். கல்லூரியில் வணிகக் கணிதம் நடத்தியவர், ஒருநாள் பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

''புரியலை, இல்ல?''

''மைனஸ் இன்ட்டு மைனஸ் எப்படி சார் ப்ளஸ் ஆகும்?''

வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ''அப்பா என்ன பண்றார்?'' என்றார்.

''மளிகைக் கடை சார்.''

''மொத்த வியாபாரிகிட்ட மூணு பில் பாக்கி. தலா நூறு ரூபா. அந்த மூணையும் அவர் கிழிச்சுப் போட்டுட்டா அப்பாவுக்கு என்ன?''

''முந்நூறு ரூபா லாபம் சார்.''

''கடன் மைனஸ். கிழிச்சது மைனஸ். லாபம் ப்ளஸ். உட்காரு.''

இன்றுவரை மறக்கவில்லை. அந்த உதாரணம் எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை. என் முகத்தைப் பார்த்த பிறகு, எங்கள் கடைக்காகவே பிறந்த உதாரணம். கேமரா முன்னால் உட்கார்ந்திருந்தால் அவர் யாருடைய முகத்தைப் பார்த்திருப்பார்?

ஆசிரியரின் வேலையில் இரண்டு பாதி. ஒன்று, விளக்குவது. அதைப் பதிவு செய்யலாம், விற்கலாம், வாங்கலாம். இன்னொன்று, புரியாத முகத்தைக் கண்டுபிடிப்பது. முதல் பாதிக்குக் காசு கொடுத்துவிட்டு, இரண்டும் வந்துவிட்டதாக மாணவனிடம் ஃபீஸ் வாங்குவதுதான் தப்பு. நண்பனுக்கு நடப்பது அநியாயமா என்று அவனும் நிறுவனமும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். கடைசி பெஞ்சுப் பையன் சார்பில் அந்தப் பேச்சில் யாரும் உட்காரவில்லையே!

''கையெழுத்துப் போடு. ஆனா ஒரு வரி சேர்க்கச் சொல்லு'' என்றேன். ''இந்தப் பாடம் ஓடுற வரைக்கும், வாரத்துல சில மணி நேரம் பசங்க முன்னாடி ஒரு வாத்தியார் உட்காரணும். அது நீயா இருந்தாலும் சரி, வேற யாரா இருந்தாலும் சரி.''

''ஒத்துக்கலேன்னா?''

பதில் சொல்ல முடியவில்லை. மாதத் தவணை கட்டுவது அவன். நானில்லை. அடுத்தவன் வீட்டுக் கடனில் கொள்கை பேசுவது ரொம்பச் சுலபம்.

நேற்று மெசேஜ் வந்தது. 'கேட்டுட்டேன்டா. யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லியிருக்காங்க.'

கேட்டானே, அதுவே பெரிசு.