மெலியாமை ஒரு குற்றமா?

பல ஆண்டுகளுக்கு முன் மெல்பேண் நகரிலிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் நம்முடைய பழைய தோழி. யாழ்ப்பாணத்திலே பிறந்து, அந்நகரத்து முதியோர் இல்லமொன்றில் இரவு வேலை செய்து வாழ்பவர். பருத்த உடலும் நீரிழிவும் வருத்த, 2010ஆம் ஆண்டில் அவர் இரைப்பையைச் சுற்றிப் பட்டி பொருத்தும் சத்திரசிகிச்சையைச் செய்துகொண்டார். ஓராண்டு கழிந்தபின் எழுதிய அக்கடிதத்தில் இவ்வாறு இருந்தது: "பதினொரு கிலோ மட்டுமே குறைந்திருக்கிறது. எனக்குப் பின்னர் வேறு முறையிலே சத்திரசிகிச்சை பெற்ற ஒருவர் முப்பது கிலோ குறைந்துவிட்டார். என்னிடந்தான் ஏதோ குற்றம் இருக்கிறது போலும். இனி வைத்தியரின் முகத்தில் விழிக்கவே வெட்கமாயிருக்கிறது."

இதற்கு நாம் எழுதிய பதில் இன்றும் நம்மை உறுத்துகின்றது. "மன உறுதியோடு இருங்கள், நாவை அடக்கினால் எல்லாம் சரியாகும்" என்று எழுதினோம். நல்லெண்ணத்தோடுதான் எழுதினோம். ஆயினும், அவர் தம்மீது தாமே சுமத்திக்கொண்ட குற்றத்துக்கு நாமும் சாட்சி சொன்னோம் என்பதே உண்மை. அதன் பின் எட்டு மாதங்கள் அவர் வைத்தியசாலைப் பக்கமே செல்லவில்லை.

இக்கட்டுரை ஒருவகையில் அந்தப் பதிலைத் திருத்தி எழுதும் முயற்சியாகும். ஒருவரின் உடல் மெதுவாகவே குறைகின்றதென்றால், அதனை அவரது ஒழுக்கத்தின் குறைபாடாகக் கொள்ளலாமா? இதுவே நம் முன்னுள்ள கேள்வி.

முதலில் அந்தப் பட்டி யாது, அது என்ன செய்கின்றது என்பதைத் தெரிந்துகொள்வோம். அது சிலிக்கோனால் ஆன ஒரு வளையம். அதன் உட்புறத்திலே ஊதிப் பெருக்கக்கூடிய சிறு பை உண்டு. இரைப்பையின் மேற்பகுதியைச் சுற்றி அதனைப் பொருத்துகின்றனர். அதிலிருந்து மெல்லிய குழாயொன்று வயிற்றுத் தோலின் கீழ் வைக்கப்படும் சிறு வாயிலுக்குச் செல்கின்றது. அவ்வாயிலிலே ஊசியால் உப்புநீர் ஏற்றினால் வளையம் இறுகும். நீரை உறிஞ்சி எடுத்தால் தளரும். 1986ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லுபோமிர் குஸ்மாக் என்னும் வைத்தியர் இத்தகைய பட்டியைப் பயன்படுத்தினார். வயிற்றைப் பெரிதாகக் கீறாமல், சிறு துளைகளின் வழியே இதனைப் பொருத்தும் முறையை 1993இல் பெல்ஜியத்தில் மிதிக்கு பெலாச்சு என்பார் செய்து காட்டினார்.

இம்முறையில் இரைப்பையின் எப்பகுதியும் வெட்டி அகற்றப்படுவதில்லை. குடலும் திசை மாற்றப்படுவதில்லை. சிறிதளவு உணவு உட்சென்றதுமே 'போதும்' என்ற உணர்வு எழவேண்டும் என்பது மட்டுமே நோக்கம். கொழுப்பைக் கரைக்கும் ஆற்றல் அந்த வளையத்துக்கு இல்லை. வாரத்துக்கு அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரை குறைந்தாலே நன்று என்றும், இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுத்திருத்தல் வேண்டும் என்றும் வைத்தியர்கள் கூறுவது இதனாலேயே. அந்த அளவையும் எட்டாதோர் பலர். நம் தோழியும் அவர்களுள் ஒருவர்.

அவர் இழந்த பதினொரு கிலோவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி எனக் கொள்வது வழக்கம். அப்படியாயின் பதினொரு கிலோவுக்கு 84,700 கலோரி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 230. வெண்ணெய் தடவிய பாண் துண்டுகள் இரண்டில் அவ்வளவு இருக்கும். ஆண்டின் 365 நாட்களும், களைத்துத் திரும்பிய ஒவ்வொரு காலைப் பொழுதிலும், அந்த இரண்டு துண்டுகளைத் தவிர்த்த ஒருவரைத்தான் நாம் 'நாவை அடக்குக' என்று கடிந்துகொண்டோம். தராசு இதனைக் காட்டாது. அது ஓராண்டு உழைப்பை ஓர் எண்ணாகச் சுருக்கிவிடுகின்றது. மேலும், உடலிலுள்ள நீரின் ஏற்றத்தாழ்வினால் மட்டுமே அந்த எண் நாளுக்கு நாள் ஒன்றிரண்டு கிலோ கூடிக் குறையக்கூடும். அத்தகைய எண்ணைக் காலைதோறும் பார்த்து, அன்றைய தன்மதிப்பை அதிலிருந்து பெற்றுக்கொள்வது எவ்வளவு கொடுமை!

சுவீடனில் 1987இல் தொடங்கப்பட்ட பேராய்வு ஒன்றுண்டு. அதன் முடிவுகள் சில 2007ஆம் ஆண்டில் வெளிவந்தன. குடலின் வழியை மாற்றும் சத்திரசிகிச்சை பெற்றவர்கள் முதல் ஓரிரு ஆண்டுகளில் தம் நிறையில் சராசரி 32 வீதத்தை இழந்திருந்தனர். பட்டி பொருத்தியவர்கள் 20 வீதத்தையே இழந்திருந்தனர். பதினைந்து ஆண்டுகள் கழிந்தபின் முன்னவர்களின் இழப்பு 27 வீதமாகவும் பின்னவர்களின் இழப்பு 13 வீதமாகவும் நின்றது. சத்திரசிகிச்சை பெறாதோரின் சராசரி நிறையோ இரண்டு வீதத்துக்கு மேல் மாறவேயில்லை. மன உறுதி உடையோரெல்லாம் ஒரு முறையையும், அஃது இல்லாதோரெல்லாம் மற்றொரு முறையையும் நாடிச் சென்றனர் என்று யாரேனும் சொல்வாரா? முறை வேறு, ஆகவே வேகமும் வேறு. முப்பது கிலோ குறைந்தவரோடு நம் தோழி தம்மை ஒப்பிட்டது, மாட்டுவண்டியில் சென்றவர் புகையிரதத்தில் சென்றவரைப் பார்த்து 'நான் சோம்பேறி' என்று அழுதது போன்றதே.

'எம்முறையாயினும் மனத்தை அடக்கினால் முடியாததுண்டோ?' என்று கேட்போருக்கு இன்னொரு வரலாற்றைச் சொல்லலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதிக் காலத்தில், 1944-45ஆம் ஆண்டுகளில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்னும் அறிஞர் ஓர் ஆய்வு நடத்தினார். பட்டினியால் வாடிய மக்களை மீண்டும் எவ்வாறு ஊட்டி வளர்ப்பது என்பதை அறிவதே அதன் நோக்கம். முப்பத்தாறு இளைஞர்கள் தாமாகவே முன்வந்து ஆறு மாதங்கள் அரைப்பட்டினி கிடந்தனர். அவர்கள் மனச்சாட்சியின் பேரால் ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள்; நாடு முழுவதும் போர் முழக்கமிட்ட காலத்தில் 'மாட்டோம்' என்று சொல்லும் நெஞ்சுரம் உடையவர்கள். அத்தகையோரும், உடல் நிறையில் ஏறக்குறையக் காற்பங்கை இழந்த நிலையில், உணவைத் தவிர வேறொன்றையும் எண்ண இயலாதவராயினர். சமையற் குறிப்புகளை விரும்பிப் படித்தனர், எரிந்து விழுந்தனர், சோர்ந்து கிடந்தனர். அவர்கள் உடலோ, ஓய்வு நேரத்தில் செலவிடும் சக்தியைப் பெருமளவு குறைத்து, எஞ்சியதைக் காத்துக்கொண்டது. பஞ்சத்தில் பிழைப்பதற்காக உடல் கற்ற பாடம் இது. மெலிய விரும்புகின்றவரின் உடலும் அதே பாடத்தைத்தான் ஒப்புவிக்கின்றது. நிறை குறையக் குறைய, மேலும் குறைதல் கடினமாகின்றது. இது உடலின் நியதி. உள்ளத்தின் இழிவு அன்று.

அப்படியாயின் மனிதனுக்குப் பொறுப்பே இல்லையா என்ற வினா எழும். நியாயமான வினாவே. பட்டி பொருத்தியவர் சிறு சிறு கவளமாக எடுத்து, நன்கு மென்று, நிதானமாக உண்ண வேண்டும். 'போதும்' என்ற உணர்வு வந்ததும் நிறுத்த வேண்டும். குறித்த காலத்தில் வைத்தியரைக் காண வேண்டும். ஐஸ்கிறீமும் சொக்கலேற்றும் இனிப்புப் பானங்களும் எத்துணை இறுக்கமான வளையத்தினூடாகவும் வழுக்கிச் சென்றுவிடும்; அவற்றையே உணவாகக் கொண்டால் பட்டியால் பயனில்லை. இவையெல்லாம் அவரவர் கையில் உள்ளவை. ஆனால், இத்தனை செய்தபின்னும் எத்தனை கிலோ, எத்தனை மாதத்தில் குறையும் என்பது அவரவர் கையில் இல்லை. செயலுக்கு மனிதன் பொறுப்பாளி. விளைவின் வேகத்துக்கு அல்லன். உழவனிடம் 'உழுதாயா, விதைத்தாயா?' என்று கேட்கலாம். 'மழையை ஏன் பெய்விக்கவில்லை?' என்று கேட்பவனை அறிவுடையோன் என்று கூறமாட்டோம்.

செயலைப் பற்றிய தீர்ப்பிலும் அவசரம் ஆகாது என்பதை நம் தோழியின் வாழ்வே நமக்குக் கற்பித்தது. அவர் தமது மந்தமான முன்னேற்றத்துக்குத் தமக்கே தண்டனை விதிப்பவர் போல, கடிதம் எழுதுவதற்குச் சில நாட்கள் முன்பு, "இன்னும் இறுக்குங்கள்" என்று வைத்தியரிடம் மன்றாடி உப்புநீரை ஏற்றுவித்திருந்தார். அதன் பின்னர் பாணும் இறைச்சியும் தொண்டையைத் தாண்டி இறங்கவில்லை, சிக்கிக்கொண்டன, வாந்தியாயின. விடியற்காலை மூன்று மணிக்கு, வேலைத்தலத்தில், வலியின்றி இறங்கியவை ஐஸ்கிறீமும் இனிப்புப் பாலுமே. அவற்றை உண்டார், தம்மை வெறுத்தார், வெறுத்ததனாலேயே வைத்தியரைத் தவிர்த்தார். எட்டு மாதங்களின் பின், நெஞ்செரிவு தாங்காமற் சென்றபோது, வைத்தியர் அவரைக் கண்டிக்கவில்லை. பட்டி அளவுக்கு மீறி இறுகியுள்ளது என்று சொல்லி, ஊசியால் ஒரு மில்லிலீற்றர் உப்புநீரை வெளியே எடுத்தார். சில நாட்களில் நம் தோழி மீண்டும் திண்ம உணவை மெதுவாக உண்ணத் தொடங்கினார். இனிப்பின் பிடியும் தளர்ந்தது. அவரும் நாமும் ஒழுக்கக்கேடு என்று எண்ணியது, உண்மையில் ஒரு மில்லிலீற்றர் உப்புநீரே!

வெட்கம் மருந்தாகாது, அது மருந்தைத் தடுக்கும். நோயாளியை நாணச் செய்யும் சமுதாயம், அவருடைய நோயை நீடிக்கச் செய்கின்றது.

இந்த வெட்கம் எங்கிருந்து பிறக்கின்றது? ஒரு பகுதி நம் கலியாண வீடுகளிலிருந்து பிறக்கின்றது. பல ஆண்டுகள் காணாத ஒருவரைக் கண்டதும், "என்ன, உடம்பு வைச்சிட்டியள்!" என்று தொடங்குவதை நாம் அன்பின் அடையாளமாகக் கருதுகிறோம். மற்றொரு பகுதி சந்தையிலிருந்து பிறக்கின்றது. அமெரிக்காவில் இப்பட்டியைப் பொருத்த 2001ஆம் ஆண்டில் அரசின் அனுமதி கிடைத்தது. அதன் பின், கலிபோர்னியாவின் வீதியோர விளம்பரப் பலகைகளில் மெலிந்த உடல்கள் புன்னகை பூத்தன. சத்திரசிகிச்சையின் ஆபத்துகளைப் போதிய அளவில் எடுத்துரைக்கவில்லை என்று, 2011ஆம் ஆண்டு டிசம்பரில், எட்டுச் சிகிச்சை நிலையங்களுக்கும் ஒரு விளம்பர நிறுவனத்துக்கும் அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. மெதுவாகக் குறைந்தவரின் படம் எந்த விளம்பரப் பலகையிலும் இடம்பெறுவதில்லை. வேகம் விலைபோகும், பொறுமை விலைபோகாது. மலிவான சர்க்கரைப் பண்டத்தை விற்றும் இலாபம், அதனால் பருத்த உடலை மெலிவிப்பதாகச் சொல்லியும் இலாபம். இவ்விரண்டுக்கும் நடுவே நின்று, இரவெல்லாம் பிறரின் முதிய பெற்றோரைத் தூக்கி இருத்தி, விடியலில் உறங்கச் செல்லும் ஒரு தொழிலாளிப் பெண்ணிடம் 'உனக்கு மன உறுதி போதாது' என்று சொல்வது எத்தகைய நீதி?

மணிமேகலைக் காப்பியத்திலே காயசண்டிகை என்பாள் வருகின்றாள். எவ்வளவு உண்டும் அடங்காத அவள் பசிக்கு யானைத்தீ என்று பெயர். சாபத்தால் வந்ததேயாயினும், காப்பியம் அதனை நோயென்றே வழங்குகின்றது. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட உணவால் அந்தத் தீ அவிந்தது. பசியை நோயென உணர்ந்த அந்தப் பழைய பார்வை நமக்கு வேண்டும். ஆனால், ஒரு பிடி சோற்றில் நோய் தீரும் என்ற எதிர்பார்ப்பு நமக்கு வேண்டாம். அமுதசுரபி காப்பியத்தில் உண்டு, வைத்தியசாலையில் இல்லை. அங்கே இருப்பது ஊசியும் உப்புநீரும், மாதந்தோறும் சென்று வரும் கால்களுமே.

இன்னுமொன்றையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். பொறுமையே எல்லாவற்றுக்கும் விடை அன்று. பட்டி சிலருக்கு நழுவும். சிலருக்குக் குழாய் கசியும். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் பயன் தராது. அத்தகையோருள் பலர் அதனை அகற்றி வேறு சிகிச்சையை நாடினர். இன்று வைத்தியர்கள் இம்முறையைக் கையாள்வது மிகவும் குறைந்துவிட்டது. எனவே, 'பொறுத்திரு' என்று சொல்லும் அதே வாய், 'சென்று பரிசோதித்துப் பார்' என்றும் சொல்ல வேண்டும். ஆராயாத பொறுமை விதியை நம்பிக் கிடப்பதற்கு ஒப்பாகும்.

மெலிவதன் நோக்கந்தான் என்ன? 2008இல் வெளியான மெல்பேண் ஆய்வொன்றில், நீரிழிவு கண்டு அதிக காலமாகாத அறுபது பேர் பங்குபற்றினர். பட்டி பொருத்திய முப்பதின்மரில் 22 பேருக்கும், வழமையான சிகிச்சை மட்டும் பெற்ற முப்பதின்மரில் 4 பேருக்கும் இரண்டு ஆண்டுகளில் நீரிழிவு தணிந்திருந்தது. கண்ணாடிக்கு முன் நிற்பது அன்று, நோயின்றி நடமாடுவதே பயன்.

நம் தோழி நான்கு ஆண்டுகளில் இருபத்துநான்கு கிலோ குறைந்தார், அதற்குமேல் குறையவில்லை. கலியாண வீட்டார் கண்ணுக்கு அவர் இன்றும் பருத்தவரே. நீரிழிவு மாத்திரைகளில் ஒன்றை வைத்தியர் நிறுத்திவிட்டார். இரண்டாம் மாடிக்கு இளைக்காமல் ஏறுகிறார். நாம் இப்போது எழுதும் கடிதங்களில் 'எத்தனை கிலோ?' என்று கேட்பதில்லை. முழங்கால் வலி எப்படி, இரவு வேலையை மாற்றித் தந்தார்களா என்று கேட்கிறோம். முதற் கடிதத்துக்கே அப்படி ஒரு பதிலை எழுதியிருந்தால், அந்த எட்டு மாதங்கள் அவருக்கு வீணாகியிரா.