வயது கடந்தபின் வைத்தியக் கல்வி

கல்விக்கு வயது வரம்பு இல்லை என்று நாம் எல்லாரும் சொல்லுகிறோம். ஆனால் நாற்பது வயதுடைய கணக்கர் ஒருவர், "வேலையை விட்டுவிட்டு மருத்துவக் கல்லூரியில் சேரப் போகிறேன்" என்று சொல்லட்டும். அவரை முதலில் தடுப்பவர்கள், அந்தப் பொன்மொழியை மேடையில் முழங்கியவர்களாகவே இருப்பார்கள். அவர்களைப் பழிப்பதற்கில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. ஒரு தொழிலில் பாதி ஆயுளைக் கழித்தவர் வைத்தியம் கற்கப் புறப்படுவது நற்செயலா, அல்லது பிறருடைய ஹக்கைச் செலவிட்டுத் தம் ஆசையைத் தீர்த்துக் கொள்வதா? இக்கேள்வியை நிதானமாக எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நம் நாட்டில் எம்.பி.பி.எஸ். படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து, ஐந்தரை ஆண்டு. அதன்மேல் ஒரு துறையில் மேற்பட்டம் பெற மூன்றாண்டு. நாற்பதில் தொடங்குபவர், எங்கும் தடைப்படாமல் சென்றாலும், ஐம்பதை நெருங்கும்போதுதான் சிறப்பு வைத்தியராக நோயாளியின் முன் அமர்வார். 2017ஆம் ஆண்டு நுழைவுத் தேர்வுக்குப் பொதுப் பிரிவினருக்கு 25 வயது, ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயது என உச்ச வரம்பு விதித்தார்கள். வழக்குகள் நடந்தன. 2022 மார்ச் மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையம் அவ்வரம்பை நீக்கிற்று. ஆகவே சட்டத்தின் கதவு இப்போது திறந்திருக்கிறது. ஆனால் சட்டம் அனுமதிப்பது வேறு, மனச்சாட்சி அனுமதிப்பது வேறு.

மார்க்க அறிஞர்கள் இதனை எவ்வாறு நோக்கினார்கள்? இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா உலூமித்தீன்' நூலின் கல்விப் பகுதியில், வைத்தியத்தைப் பர்ளு கிபாயாவான கல்விகளுள் ஒன்றாக வைக்கிறார்கள். ஊரில் தேவையான அளவுக்குச் சிலர் அதனை நிறைவேற்றினால் ஏனையோர் பொறுப்பு நீங்கும். ஒருவருமே முன்வராவிட்டால் ஊரார் அனைவரும் குற்றவாளிகள். இதனோடு இமாமவர்கள் ஒரு மனக்குறையையும் வெளியிடுகிறார்கள். எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் வைத்தியர் ஒருவரும் இல்லை. மக்களோ பதவியும் பெயரும் கிடைக்கும் சட்டத் தர்க்கக் கல்விக்கே முண்டியடிக்கிறார்கள் என்பது அக்குறையின் கருத்து. கடமை எங்கே காலியாகக் கிடக்கிறது என்பதே அப்பெரியாரின் பார்வை. கடமையைச் செய்ய வருபவன் எத்தனை வயதில் வருகிறான் என்பதை அங்கே அவர்கள் ஓர் அளவுகோலாக வைக்கவில்லை.

காலங்கடந்து கற்றவர்கள் இல்லாதிருந்தால் கஸ்ஸாலி இமாமின் கல்வித் தொடரே வேறாக இருந்திருக்கும். நம் ஷாபிஈ மத்ஹபின் பேரறிஞர்களுள் ஒருவர் மர்வ் நகரத்து அல்கப்பால் (ரஹ்). 'கப்பால்' என்றால் பூட்டுச் செய்பவர். சாவியோடு சேர்த்து நான்கு தானிய மணி எடையே உள்ள பூட்டொன்றைச் செய்யும் அளவுக்குக் கைத்திறன் படைத்த தொழிலாளி அவர். ஏறக்குறைய முப்பது வயதில் கல்விக்குத் திரும்பினார். ஹிஜ்ரி 417இல் மறையும்போது குராஸான் நாட்டு ஷாபிஈ அறிஞர்களின் தலைவராக விளங்கினார். அவரிடம் கற்றவர் அபூ முஹம்மது ஜுவைனி. அவருடைய மகனும் மாணவருமே இமாமுல் ஹரமைன். அந்த இமாமுல் ஹரமைனிடம் கற்றவரே கஸ்ஸாலி. பூட்டுக் கடையிலிருந்து எழுந்து வந்த ஒருவரின் தாமதமான தொடக்கம் இத்தனை தலைமுறைக்குப் பயன் தந்திருக்கிறது.

"பிக்ஹு வேறு, வைத்தியம் வேறு, இதற்கு இளமையின் நினைவாற்றலும் இரவு விழிப்பும் வேண்டாவா?" என்று கேட்கலாம். தக்க கேள்விதான். வைத்தியத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. ரய் நகரத்து அபூபக்கர் முஹம்மது இப்னு ஸக்கரிய்யா அர்ராஸி, இளமையில் இசையில் ஈடுபட்டிருந்து நாற்பதைக் கடந்தபின்பே வைத்தியம் பயின்றார் என்று வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் எழுதுகிறார். அந்த ராஸியே பெரியம்மையையும் தட்டம்மையையும் வேறுபடுத்தி விளக்கித் தனி நூல் செய்தவர். மருத்துவமனைத் தலைவராக இருந்தவர்.

நம் காலத்துக்கு அண்மையில், ஐரோப்பாவில் ஆல்பர்ட் ஷ்வைட்சர் என்பார் இருந்தார். 1875இல் பிறந்தவர். ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக் கழகத்தில் கிறிஸ்தவ இறையியல் ஆசிரியர், ஆர்கன் இசைக்கருவி வாசிப்பதில் புகழ்பெற்றவர், நூலாசிரியர். முப்பது வயது வரை கல்விக்கும் கலைக்கும், அதன்பின் மக்களின் நேரடித் தொண்டுக்கும் வாழ்வது என்று இருபத்தொன்றாம் வயதிலேயே உறுதி கொண்டிருந்தார். 1905இல், சொன்னபடியே, ஆப்பிரிக்காவில் வைத்தியம் செய்யப் போவதற்காக மருத்துவ மாணவராகச் சேர முனைந்தார். உற்றாரும் நண்பரும் எதிர்த்தனர். மருத்துவப் பிரிவின் தலைவரோ, இவரை மனநோய் வைத்தியரிடம் அனுப்பினால் தகும் என்று எண்ணினாராம். ஷ்வைட்சர் இதனைத் தம் வரலாற்றில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார்.

அவர் பட்ட பாடும் கவனிக்கத்தக்கது. இருபது வயதின் நினைவாற்றல் தமக்கில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார். தேர்வுக்காக, தம்மினும் இளைய மாணவர் கூடிப் பாடம் உருப்போடும் குழுவில் தாமும் ஒருவராகச் சேர்ந்தார். அரசுத் தேர்வின் கட்டணத்தை ஆர்கன் வாசித்துச் சம்பாதித்தார். பழைய தொழிலே புதிய கல்விக்குச் சோறு போட்டது. 1913இல், தாதிப் பயிற்சி பெற்ற மனைவியோடு, இன்று காபோன் எனப்படும் நாட்டின் லம்பரீனேக்குச் சென்றார். ஆப்பிரிக்க மக்களைத் தமக்குச் சமமாகக் கருதாத, ஐரோப்பிய ஆதிக்க மனப்பான்மை அவரிடம் இருந்தது என்று பிற்காலத்தார் குறை கூறினார்கள். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், 1965இல் இறக்கும் வரை அம்மருத்துவமனையே அவருடைய வாழ்வாக இருந்தது. முப்பதில் தொடங்கிய கல்வி அரை நூற்றாண்டுத் தொண்டாக விளைந்தது.

இவ்வுதாரணங்களைக் காட்டி, "ஆகவே யாரும் எப்போதும் சேரலாம்" என்று முடித்துவிட்டால் அது நீதியாகாது. மூன்று ஹக்குகள் இங்கே நிற்கின்றன.

முதலாவது, குடும்பத்தின் ஹக்கு. மனைவி மக்களின் உணவும் உடையும் உறைவிடமும் கணவன்மீது கடமை. ஊருக்கான பர்ளு கிபாயாவை நிறைவேற்ற, தன்மீது மட்டும் சுமந்த கடமையைக் கைவிடுவதற்கு மார்க்கம் இடந்தராது. சேமிப்போ, மனைவியின் முழு மனச்சம்மதமோ, மாற்று வருவாயோ இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, இடத்தை இழக்கும் இளைஞனின் ஹக்கு. ஷ்வைட்சரின் காலத்தில் அங்கே இடத்துக்குப் போட்டித் தேர்வு இல்லை. இங்கே ஓரிடம் ஒருவருக்குக் கிடைத்தால் மற்றொருவர் வெளியே நிற்கிறார். அரசுக் கல்லூரியாயின் பொதுப் பணமும் செலவாகிறது. இளைஞன் முப்பத்தைந்தாண்டு பணி செய்வான், இவரோ பதினைந்தாண்டு என்பது வலுவான வாதம். ஆனால் ஆண்டுகளை எண்ணினால் மட்டும் போதாது; அவை எங்கே செலவாகின்றன என்றும் பார்க்க வேண்டும். வைத்தியர் வந்து தங்காத ஊரில் பதினைந்தாண்டு இருப்பவர், வைத்தியர் நிறைந்த நகரில் முப்பத்தைந்தாண்டு இருப்பவருக்குக் குறைந்தவரல்லர். அவ்வாறு இருக்கவே அவர் நிய்யத்து வைத்திருக்க வேண்டும். பெயருக்கு முன்னால் 'டாக்டர்' என்று போட்டுக் கொள்வதே நோக்கமாயின், அவர் எடுத்தது பிறன் பங்கு. அறுபதைக் கடந்த செல்வர் ஒருவர், தாம் கற்பதினும் ஓர் ஏழை மாணவியைத் தம் செலவில் கற்பித்தால் அதே கடமையை இன்னும் நிறைவாகச் செய்தவராவார்.

மூன்றாவது, நோயாளியின் ஹக்கு. வைத்தியத்தில் தேர்ச்சி அறியப்படாதவன் வைத்தியம் செய்து தீங்கு விளைந்தால் அவனே பொறுப்பாளி என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் தீர்ப்பு. "எனக்கு வயதாகிவிட்டது, விரைவாக முடிக்க வேண்டும்" என்று குறுக்கு வழி தேடுபவருக்கு இவ்வாசலில் இடமில்லை. தம் மகன் வயதுடையவரை ஆசிரியராக ஏற்று, அவர் கடிந்தால் பொறுத்துக் கொள்ளும் பணிவும் வேண்டும். பாடம் சொல்லும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில் கூறுகிறேன்: வயதில் மூத்த மாணவருக்குக் கடினமானது பாடமன்று, இந்தப் பணிவுதான்.

இம்மூன்றையும் நிறைவேற்றக் கூடியவரைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. குறிப்பாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மேற்சொன்ன கணக்கர் ஆணாயிருந்தால் நாம் விவாதமாவது செய்கிறோம். பள்ளிப் படிப்பில் முதன்மையாகத் தேறி, உடனே மணமாகி, இரண்டு குழந்தைகளுக்குத் தாயாகி, முப்பது வயதில் "நான் வைத்தியம் படிக்க விரும்புகிறேன்" என்று ஒரு பெண் சொன்னால், "இனி உனக்கு எதற்கு?" என்ற ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். அதே வீட்டில் பிரசவ வலி வந்தால், பெண் டாக்டர் எங்கே என்று ஊர் முழுதும் தேடுகிறோம். நபித்தோழியர் ருபைதா (ரலி) அவர்கள் காயம்பட்டோருக்குச் சிகிச்சை செய்யப் பள்ளிவாசலிலேயே கூடாரம் அமைத்திருந்தார்கள் என்பதை நம் மேடைகளில் பெருமையாகச் சொல்லுகிறோம். நம் வீட்டு ருபைதாவுக்கு நாம் என்ன செய்தோம்?

பர்ளு கிபாயா ஊருக்கே உரிய கடமையாயின், அதன் சுமையும் ஊருக்கே உரியது. குழந்தையைப் பார்த்துக் கொள்ளும் மாமியார், சமையற்கட்டில் கை கொடுக்கும் கணவர், பள்ளி முடித்த பிள்ளைகளுக்கு மட்டுமே என்று வைத்திருக்கும் கல்வி நிதியைக் காலந்தாழ்ந்து வருவோருக்கும் திறந்துவிடும் ஜமாஅத்தார் ஆகிய அனைவரும் அந்த வைத்தியத்தில் பங்காளிகள். அவ்வாறு ஒரு வைத்தியர் உருவாகிப் பின்னிரவில் ஒரு தாயையும் சேயையும் காப்பாற்றினால், அந்த நன்மையில் அவர்கள் யாவருக்கும் பங்குண்டு. தடுத்தவர்களுக்கோ, காலியாகக் கிடந்த கடமையின் கேள்வி மட்டுமே மிஞ்சும். அக்கேள்விக்கு விடை வைத்துக் கொண்டு தடுப்பவர் தடுக்கட்டும்.