இரவல் கொடுத்த குரல்

பிறருக்காகப் பேசுவதே வழக்கறிஞர் தொழில். ஏழைக்கும் செல்வருக்கும், குற்றம் செய்தவருக்கும் செய்யாதவருக்கும், அவரவர் சொல்ல அறியாததைச் சட்டத்தின் மொழியில் எடுத்துரைக்கும் பணி அது. அப்பணி உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாள் முழுதும் தம் குரலைப் பிறருக்கு இரவல் கொடுப்பவர் தம் உள்ளத்தை உரைப்பது எப்போது?

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டில் 538 வழக்கறிஞர்கள் தொழிலை விட்டு விலகினர். அவர்களுள் இளையோர் பலர். நல்ல ஊதியமும் சமூக மதிப்பும் தரும் தொழிலை ஏன் உதறினர்? வேலைப்பளு என்பர். அஃது உண்மையே, ஆனால் முழு உண்மை அன்று.

பெரிய சட்ட நிறுவனங்கள் பலவற்றில் ஒரு மணி நேரத்தைப் பத்துக் கூறாக்கி, ஆறாறு நிமிடமாகக் கணக்கெழுதிக் கட்டணம் பெறும் வழக்கம் உண்டு. கணக்கில் ஏறாத நிமிடம் வீண் என்னும் எண்ணம் நாளடைவில் உள்ளத்திலும் ஊறிவிடுகிறது. கவிதையும் கதையுமோ கணக்கில் ஏறாத நிமிடங்களில்தான் பிறக்கின்றன. மேலும், ஒப்பந்தத்தில் ஒரு சொல்லுக்கு ஒரு பொருளே இருத்தல் வேண்டும். ஐயத்திற்கு இடமின்றி எழுதப் பழகிய கை, தன் ஐயங்களை எழுத அஞ்சுகிறது.

அவ்வாறாயின் சட்டம் படைப்பாற்றலின் பகையா? அன்று. மாயூரம் வேதநாயகம் பிள்ளை முன்சீப்பாகப் பணியாற்றிய காலத்திலேயே 1859இல் ‘நீதிநூல்’ வெளியிட்டார். 1862இல் நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கித் தந்தார். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது. சிங்கப்பூரில் ஏட்ரியன் டான் சட்டம் பயின்றபோதே 1988இல் இளையோர் விரும்பிப் படித்த நகைச்சுவைப் புதினம் ஒன்றை எழுதினார். பின்னர் 2022இல் வழக்கறிஞர் சங்கத்தின் தலைவரானார், 2023இல் மறைந்தார்.

“அவர்கள் ஆற்றல் வேறு, வேதநாயகரின் காலமும் வேறு” என்று எவரேனும் மறுக்கலாம். அம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆறு நிமிடக் கணக்கில் சிக்கிய ஓர் இளைஞரை மனவுறுதி மட்டுமே காத்துவிடாது. நிறுவனமும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். வீடும் விட்டுக்கொடுத்தல் வேண்டும். பிள்ளை வழக்கறிஞரானால் சுற்றமெல்லாம் பெருமை கொள்கிறது. அதே பிள்ளை எழுத உட்கார்ந்தால், “எழுத்து சோறு போடுமா?” என்று கேட்கிறது.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் படிக்க வைத்த பெற்றோருக்குப் பிள்ளை கடன்பட்டதே. அக்கடனை உழைப்பால் தீர்க்கலாம். உள்ளத்தையே ஈடுவைக்க வேண்டியதில்லை. ஆதலின், தொழிலில் நிலைப்பது கோழைத்தனமும் அன்று. விலகுவது நன்றி மறத்தலும் அன்று. நிலைத்திருந்து, ‘எனக்கென்று சொல்ல ஒன்றுமில்லை’ என்று தம்மைத் தாமே நம்ப வைப்பதுதான் தவறு.

அத்தவற்றின் கேடு ஒருவரோடு நிற்பதில்லை. தம் குரலை மறந்தவர் நாளடைவில் பிறர் குரலின் நடுக்கத்தையும் கேளாதவராகிறார். அவர்முன் அமர்ந்திருக்கும் கட்சிக்காரர் வெறும் கோப்பாகிவிடுகிறார். எவருக்கும் இரவல் தராத ஒரு சிறு நேரத்தை வழக்கறிஞர் காத்துக்கொள்வது தன்னலம் அன்று. அவரை நம்பி வந்தவருக்கும் அதுவே காவல்.