மலையேறும் பெண்ணின் கம்பளியும் அகிம்சையும்

மலையேற்றத்துக்குப் புறப்படும் பெண்கள் உடலோடு ஒட்டி அணியும் முதல் அடுக்குக்குப் பெரும்பாலும் தேர்ந்தெடுப்பது மெரினோ கம்பளி. புலால் மறுத்தவர்கள்கூட இதைத் தயங்காமல் உடுத்துகிறார்கள். ஆட்டைக் கொல்லாமல் ரோமத்தை மட்டும்தானே எடுக்கிறோம் என்பது அவர்கள் நினைப்பு. கொல்லாமை ஒன்றே ஒரு பொருளை அகிம்சைக்கு உகந்ததாக்கிவிடுமா என்பது அவ்வளவு எளிதில் தீரும் கேள்வி அல்ல.

கம்பளியின் தேவை உண்மையானது. பருத்தி வியர்வையை உறிஞ்சி ஈரமாகவே உடலில் ஒட்டிக்கிடக்கும். உயரத்தில் காற்று வீசும்போது அந்த ஈரமே உடற்சூட்டை இறக்கி உயிருக்கு ஆபத்தாகிவிடும். கம்பளி இழையோ தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தோன்றாது. ஈரத்திலும் கதகதப்பை முழுதாக இழக்காது. நாற்றமும் எளிதில் பிடிக்காது. துவைக்கவும் உலர்த்தவும் மறைவிடம் கிடைக்காத நீண்ட பயணங்களில், ஒரே சட்டையைப் பல நாள் அணிய முடிவது பெண்களுக்குப் பெரிய விடுதலை. 1838இல் மோன் ப்ளாங்க் சிகரம் ஏறிய ஹென்றியட் தாஞ்செவில் என்ற பெண்ணும் கம்பளியைத்தான் நம்பிச் சென்றார். தன் உடலைக் குளிரிலிருந்து காப்பதும் உயிரோம்பலே என்பதால், இந்தத் தேவையை ஆடம்பரம் என்று ஒதுக்க முடியாது.

பழைய சமய மரபுகள் கம்பளியை ஏற்றன. பௌத்தத் துறவற விதிநூலான விநயம் துறவியர் ஆடைக்கு அனுமதித்த ஆறு வகைத் துணிகளில் கம்பளியும் ஒன்று. பட்டு கலந்த விரிப்பை அதே விநயம் தடுத்தது. பட்டுப்புழுக்கள் சாவதை ஒட்டி எழுந்த விதி அது. கம்பளியைப் பற்றி விநயம் கவலைப்பட்டது வேறு திசையில். உறவினரல்லாத பிக்குணியிடம் ரோமத்தைக் கொடுத்து அலசவோ சாயமிடவோ சிக்கெடுக்கவோ ஒரு பிக்கு சொல்லக்கூடாது என்று ஒரு விதி உண்டு. அந்த வேலையில் பிக்குணிகளின் கல்வியும் தியானமும் கெட்டன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஒரு துணியின் நன்மை தீமையை எடைபோடும்போது அதற்காக உழைக்கும் பெண்ணின் நேரத்தையும் கணக்கில் கொண்ட இந்தப் பார்வை மிக உயர்ந்தது. சுவேதாம்பர சமணத்தில் சாதுக்களும் சாத்விகளும் சிற்றுயிர்களை நோகாமல் விலக்கக் கையில் வைத்திருக்கும் துடைப்பம் கம்பளி இழையால் ஆனது. அகிம்சையின் கருவியே ஆட்டு ரோமம். திகம்பரர்கள் மயிற்பீலியைக் கொள்கிறார்கள். வைதிக ஆசாரத்திலும் கம்பளி மடியான, அதாவது சடங்குக்குத் தூய, துணி.

இந்த மரபுகள் கண்ட ஆடும் இன்றைய மெரினோ ஆடும் ஒன்றல்ல. தோலில் படும் துணி உறுத்தாதிருக்க இழை மெல்லியதாக வேண்டும். 30 மைக்ரான் தடிமனுள்ள இழை குத்தும். 17, 18 மைக்ரான் இழை குத்தாது. அந்த மென்மையோடு அதிக ரோமமும் வேண்டும் என்று, தோல் மடிந்து சுருங்கிய ஆடுகளைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து பெருக்கினார்கள். பின்புறத் தோல் மடிப்புகளில் ஈரம் தங்க, ஈக்கள் முட்டையிட்டன. புழுக்கள் ஆட்டை உயிரோடு தின்றன. இதைத் தடுக்க ஆஸ்திரேலியாவில் குட்டிகளின் பின்புறத் தோலைப் பட்டையாக அறுத்தெடுக்கும் மியூல்சிங் முறை வந்தது. நியூசிலாந்து இதை 2018இல் தடைசெய்தது. ஆஸ்திரேலியாவில் இன்னும் நடக்கிறது.

ரோமம் கத்தரிப்பது ஆட்டுக்கு நன்மை என்ற வாதம் பொய்யல்ல. 2015இல் கான்பெரா அருகே பல ஆண்டுகள் கத்தரிக்கப்படாமல் திரிந்த ஓர் ஆட்டிலிருந்து 40 கிலோவுக்கு மேல் ரோமம் எடுத்தார்கள். அப்படியே விட்டிருந்தால் அது பிழைத்திருக்காது. ஆனால் ரோமம் நிற்காமல் வளரும் அந்த உடலை உண்டாக்கியது மனிதன். ஆகவே வன்முறையைக் கத்தரிக்கோலில் தேடுவது வீண். இன்னும் வேண்டும் என்ற ஆசையில்தான் அது தொடங்குகிறது.

காந்தி 1912இல் பாலை விட்டது இந்தப் பார்வைக்கு நெருங்கிய முன்னோடி. பாலுக்காகப் பசுக்களையும் எருமைகளையும் வதைக்கும் விதத்தைப் பற்றிப் படித்தது அந்த முடிவுக்கு ஒரு காரணம். பொருள் அதே பொருள். கறக்கும் முறை தெரிந்தபின் அதைக் குடிக்க மனம் ஒப்பவில்லை. 1975இல் ‘விலங்கு விடுதலை’ எழுதிய தத்துவவாதி பீட்டர் சிங்கரும் வலியையே அளவுகோலாக்கினார். அந்த அளவுகோலின்படி, வலி தராமல் பெற்ற கம்பளிக்கு இடமிருக்கலாம். 1983இல் விலங்குரிமைக்கு வாதிட்ட டாம் ரீகனின் வழியில் இடமில்லை. எவ்வளவு மென்மையாக நடத்தினாலும் ஓர் உயிரை நம் தேவைக்கான வளமாகக் கொள்வதே அவருக்குத் தவறு.

ரீகனின் வழி நிற்பவர் செயற்கை இழைக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் பாலியெஸ்டர் ஃப்ளீஸ் துணி ஒவ்வொரு சலவையிலும் நுண்ணிழைகளை உதிர்க்கிறது. அவை ஆற்றுக்கும் கடலுக்கும் போய் மீனின் வயிற்றில் சேர்கின்றன. தீங்கு மறையவில்லை, கண்ணுக்கு எட்டாத இடத்துக்கு நகர்ந்துவிட்டது. இங்கே சமணம் இல்லறத்தாருக்கு வகுத்த பாகுபாடு உதவுகிறது: வாழ்வில் தவிர்க்க முடியாமல் நேரும் இம்சை வேறு, அறிந்து துணிந்து செய்யும் இம்சை வேறு. இல்லறத்தார் முற்றாக விட வேண்டியது இரண்டாவதை. மியூல்சிங்கை ஆட்டைக் காக்கும் சிகிச்சை என்பவர்கள் உண்டு. ஆனால் மடிப்பில்லாத தோலுள்ள மெரினோ ஆடுகள் இருக்கின்றன, அவற்றை வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். வேறு வழி இருக்கையில் செய்யும் அறுவையைத் தவிர்க்க முடியாதது என்று சொல்வது நேர்மையாகாது. அறிந்தே அப்படி அறுக்கப்பட்ட ஆட்டின் கம்பளியை வாங்குபவருக்குக் குளிர் ஒரு சாக்காகாது. திபெத்திய மறிமானைக் கொன்று எடுக்கும் ஷாதூஷ் கம்பளி பற்றி விவாதிக்கவே ஏதுமில்லை. அதன் வணிகம் சட்டப்படியும் குற்றம்.

தேர்வு, ஆகவே, விசாரிப்பில் தொடங்குகிறது: ஆடு எந்த நாட்டில் வளர்ந்தது, மியூல்சிங் இல்லை என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்க வேண்டும். மெல்லிய மெரினோ தேவைப்படுவது தோலில் படும் ஓர் அடுக்குக்கு மட்டுமே. இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றி அணிந்து, கிழிந்தால் தைத்துக்கொண்டால் ஒரு நீண்ட பயணத்துக்குப் போதும். மேலே அணியும் ஸ்வெட்டருக்கும் தொப்பிக்கும் இமாச்சலத்தின் கத்தி (Gaddi) என்னும் மேய்ப்பர் இனத்தாரின் ஆடுகள் தரும் சொரசொரப்பான கம்பளியோ, யாரோ அணிந்து கழித்த பழைய கம்பளியோ குளிரைத் தாங்கும்.