பட்டம் இருக்கிறது, படம் இல்லை

“முதலில் செய்தது நாங்கள்தான்” என்று சொல்லிக்கொள்ள எல்லாருக்கும் ஆசை. செய்ததைக் காப்பாற்றி வைக்கத்தான் ஆளில்லை.

அமெரிக்காவின் யுனிவர்சல் நிறுவனம் 1916இல் ‘லிபர்ட்டி’ என்ற ஊமைத் தொடர்படத்தை 20 பாகங்களாக வெளியிட்டது. முழுக்க முழுக்கக் கௌபாய் கதையாக வந்த முதல் தொடர்படம் என்று அதற்குப் பட்டம். இன்று பட்டம் மட்டும்தான் மிச்சம், படம் தொலைந்துவிட்டது.

நம் நாட்டிலும் இதே கதைதான். 1925இல் ‘ராஜகீய விக்கிரமய’ என்ற ஊமைப்படம் இலங்கையில் எடுக்கப்பட்டது. பின்னாளில் நிதியமைச்சரான என். எம். பெரேராதான் கதாநாயகன். பம்பாயிலும் சிங்கப்பூரிலும் ஓடிய அந்தப் படம், இலங்கையர் பார்க்குமுன் தீக்கிரையானது. காட்டுவதற்குப் படம் இல்லை. அதனால் 1947இல் வந்த ‘கடவுனு பொறொந்துவ’ என்ற சிங்களப் பேசும்படத்தையே நாட்டின் முதல் படம் என்று பலர் எழுதிவிடுகிறார்கள். இலங்கைத் தமிழ்ப் படங்களிலும் முதலிடம் 16 மி.மீ. ‘சமுதாய’த்துக்கா, 35 மி.மீ. ‘தோட்டக்காரி’க்கா என்று ஒரு வழக்கு உண்டு.

அந்தக் கால நைட்ரேட் படச்சுருள் பற்றிக்கொண்டால், தண்ணீருக்குள் அமிழ்த்தினாலும் அணையாது. தீக்குத் தப்பிய சுருள்களை, அவற்றிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுக்க விற்றவர்களும் உண்டு. தீ தின்றது பாதி, அலட்சியம் தின்றது பாதி.

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையுள்ள நம் கரையிலும் ஒரு சொத்து கைநழுவிக்கொண்டிருக்கிறது. உடப்பில் கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டு எடுத்துக்கொடுப்பார். கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் ஒரே குரலில் வாங்கிப் பாடுவார்கள். அந்தத் தாளத்துக்கு எல்லாக் கால்களும் மணலில் ஒன்றாகப் பின்வாங்கும். உழவு இயந்திரத்தில் பூட்டிய வின்ச் வலையை இழுத்த இடத்தில் பாட்டுக்கு வேலையில்லாமல் போனது. பாடத் தெரிந்தவர்களுக்கோ வயதாகிறது. இப்படியே விட்டால், இது எந்த ஊர்ப் பாட்டு என்ற சண்டை மிஞ்சும், பாட்டு மிஞ்சாது.

இன்று பின்னேரம் வீட்டிலோ வாடியிலோ இருக்கும் பெரியவர் ஒருவரிடம் ஓர் அம்பா பாடச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் பதிவு செய்யுங்கள். பாடியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் குறித்து, பிரதி ஒன்றை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். யார் முதல் என்பதைப் பிறகு ஆறுதலாகப் பேசிக்கொள்ளலாம்.